மணவோலையில் தோட்டத்தின் முகம்

மணம் யாருக்கு, எங்கே என்னும் இரு வினாக்களுக்கும் விடை கூறுவது திருமண அழைப்பிதழ். முன்னதற்கு எழுத்தே போதும்; பின்னதற்குச் சித்திரம் துணை செய்யும். நெகிரி செம்பிலான் தோட்டத்து அழைப்பிதழ்களில் பெரிதும் காணப்படுபவை பிள்ளையார், குத்துவிளக்கு, மாவிலைத் தோரணம் ஆகியவையே. மங்கலச் சின்னங்கள்தாம், குறை கூறத்தக்கன அல்ல. ஆயினும் சிரம்பானுக்கும் சிவகாசிக்கும் அவை பொது. மணம் நிகழும் இடத்தைக் காட்டா.

வரிசை பிடித்த பால்மரங்கள், பட்டையில் இடமிருந்து வலமாகச் சரியும் வெட்டு, அதன்கீழ் மங்கு, லயத்து மாரியம்மன் கோயில்: இவையே தோட்டத்தின் முகம். மணநாளில் மங்கும் வாளியும் எதற்கு என்பார் உளர். பொங்கல் வாழ்த்தில் ஏர் இடம்பெறலாமெனில், மணவோலையில் மங்கு இடம்பெறலாகாதோ? உழைப்பின் கருவி மங்கலத்திற்குப் புறம்பன்று.

வரைவதில் உண்மை வேண்டும். தகரக் கூரைக் கோயிலுக்குத் தஞ்சைக் கோபுரம் ஏற்றுவது அழகன்று, பொய்யே ஆகும்.

ரப்பர் சாய்ந்து செம்பனை எழுந்தது. நீலாய், சிரம்பான் வட்டாரத் தோட்டங்கள் பல குடியிருப்பு நகரங்களாயின. லயங்களோடு அவற்றின் தோற்றமும் மறைகின்றது. மணம் முடிந்தபின்னும் பல வீடுகளில் அழைப்பிதழ் பேணப்படுகின்றது. பெற்றோர் மணந்த இடம் எத்தகையது எனப் பிள்ளைகள் நாளை வினவினால், அவ்வோலை விடை கூறவேண்டுமன்றோ?