சராசரிக்குள் எத்தனை கட்டம்?

மாவட்டவாரி மழை, வட்டவாரிப் பயிர்ப் பசுமை, ஊராட்சிவாரி மக்கள்தொகை என்று ஆய்வேடுகளிலும் நாளிதழ் வரைபடங்களிலும் வருகிற அட்டவணைகளில் பல ஒரே விதமான வேலையில் பிறந்தவை. நிலப்பரப்பைக் கட்டம் கட்டமாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் கொடுத்த ராஸ்டர் கோப்பு ஒருபுறம், எல்லைக்கோடுகள் உள்ள ஷேப்ஃபைல் மறுபுறம். பைத்தானில் ராஸ்டர்ஸ்டேட்ஸ் நூலகத்திடம் இரண்டையும் கொடுத்தால், ஒவ்வோர் எல்லைக்குள்ளும் விழும் கட்டங்களைத் திரட்டிச் சராசரி, சிறுமம், பெருமம், கட்டங்களின் எண்ணிக்கை ஆகிய நான்கையும் தந்துவிடும். நான்கைந்து வரி நிரல் போதும். தமிழ்நாட்டின் 38 மாவட்டங்களும் தேநீர் ஆறுவதற்குள் முடிந்துவிடும்.

இதைக் குறைத்துப் பேசுவதற்கில்லை. மென்பொருளில் மெனு மெனுவாகச் சொடுக்கிச் செய்த வேலையை, எப்படிச் செய்தோம் என்று பிறகு காட்டுவது கடினம். நிரலை யார் வேண்டுமானாலும் வாங்கி ஓட்டிப் பார்க்கலாம், பிழை பிடிக்கலாம். 1901 முதல் இருக்கிற மழைத் தரவு முழுவதற்கும் அதே வரிகள் பொருந்தும். கட்டணமும் இல்லை. ஆனால் வந்த நான்கு எண்களில் சராசரியை மட்டும் வைத்துக்கொண்டு எண்ணிக்கையைத் தூக்கிப் போடுவது வழக்கமாகிவிட்டது. என் புகார் அதைப் பற்றித்தான்.

சென்னையையே எடுத்துக்கொள்ளலாம். இந்திய வானிலை ஆய்வுத் துறையின் அன்றாட மழைத் தரவு 0.25 பாகைக் கட்டங்களில் வருகிறது. சென்னைப் பக்கத்தில் ஒரு கட்டத்தின் பக்கம் ஏறத்தாழ 27 கி.மீ., பரப்பு 750 ச.கி.மீ. 2018இல் விரிவாக்கிய பிறகும் சென்னை மாவட்டம் 426 ச.கி.மீ.தான், ஒரு கட்டத்தின் அளவுகூட இல்லை. நாம் எதுவும் சொல்லாவிட்டால் ராஸ்டர்ஸ்டேட்ஸ் பின்பற்றும் விதி, கட்டத்தின் நடுப்புள்ளி எல்லைக்குள் விழுந்தால் சேர், இல்லையென்றால் விடு என்பது. வடக்கு 13, கிழக்கு 80.25 என்ற நடுப்புள்ளி அடையாறுப் பக்கம் விழுகிறது. அதனால் சென்னைக்கு ஒரு விடை கிடைத்துவிடுகிறது. அந்தப் புள்ளி மூன்று கிலோமீட்டர் கிழக்கே தள்ளியிருந்தால் கடலில் விழுந்திருக்கும். சென்னைக்கு மழையே இல்லை என்றல்ல, பதிலே இல்லை என்று வந்திருக்கும். இப்போது கிடைக்கிற விடையிலோ சராசரி, சிறுமம், பெருமம் மூன்றும் ஒரே எண். எண்ணிக்கைப் பத்தியில் 1. அந்தப் பத்தியை நீக்கிவிட்டால் ‘சென்னை மாவட்டச் சராசரி மழை’ என்று ஜம்மென்று நிற்கும்.

ஒரு கட்டம் போதாது என்று, எல்லை தொடுகிற எல்லாவற்றையும் சேர்க்கும் ‘ஆல் டச்டு’ விருப்பத்தைப் போடுபவர்கள் உண்டு. அப்போது எண்ணூரைத் தொடுகிற வடக்குக் கட்டம் உள்ளே வருகிறது. அது பொன்னேரியும் தாண்டிப் போகிற கட்டம். பெரும்பகுதி திருவள்ளூர் மாவட்டமும் கடலும். ஆனாலும் அடையாறுக் கட்டத்துக்குச் சமமான வாக்கு அதற்கும் உண்டு. எக்ஸாக்ட்எக்ஸ்ட்ராக்ட் போன்ற கருவிகள், கட்டத்தில் எத்தனை பங்கு எல்லைக்குள் இருக்கிறதோ அத்தனை எடை கொடுத்து இந்த அநீதியைச் சரிசெய்கின்றன. சிறு எல்லைகளுக்கு நான் அதையே பரிந்துரைப்பேன்.

கட்டத்தின் எண் ஒன்றும் வானத்திலிருந்து நேராக இறங்கியதல்ல என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். நாடு முழுவதும் 6,955 மழைமானி நிலையங்களின் பதிவுகளை வைத்து, இடைப்பட்ட இடங்களுக்கு மதிப்பிட்டு உருவாக்கியது அது. தமிழ்நாட்டின் 1,30,000 ச.கி.மீ. பரப்புக்கு இத்தகைய கட்டங்கள் ஏறத்தாழ 170தான் தேறும். குறுவட்டங்களோ ஆயிரத்துக்கும் மேல். குறுவட்டவாரி மழை அட்டவணையை இதிலிருந்து தயாரித்தால் அடுத்தடுத்த பல வரிகளில் ஒரே எண் திரும்பத் திரும்ப வரும். எடை போட்டுக் கணக்கிட்டால் தசமப் புள்ளிக்குப் பிறகு கொஞ்சம் மாறும், அவ்வளவே. அந்த மாற்றத்தைப் பார்த்து ‘நுண்ணளவுத் தரவு’ என்று பெயர் வைப்பது ஏமாற்று.

தரவில்லாத கட்டங்கள் இன்னொரு பொறி. மழைத் தரவில் அவற்றுக்கு -999 என்று குறித்திருப்பார்கள். தவறிச் சேர்ந்தாலும் சராசரி எதிர்மறையாகப் போய்க் காட்டிக்கொடுத்துவிடும். அதே துறையின் வெப்பநிலைத் தரவில் குறி 99.9. இதுதான் ஆபத்து. ஒரு கரையோர வட்டாரத்தில் ஆறு கட்டங்கள் இருந்து, ஐந்தில் 34 டிகிரியும் கடலில் விழுந்த ஒன்றில் 99.9உம் இருந்தால் சராசரி 45 டிகிரி. நம் ஊர் மே மாதத்தில் யாரும் புருவம் உயர்த்த மாட்டார்கள், தலைப்பே வைத்துவிடுவார்கள்.

வகைப்பாட்டு ராஸ்டர்களில் சராசரியே பொருளற்றது. ஐரோப்பிய விண்வெளி முகமையின் வேர்ல்ட்கவர் நிலப்பயன்பாட்டுத் தரவில் மரப்பரப்புக்கு 10, புல்வெளிக்கு 30, கட்டடங்களுக்கு 50 என்று குறியெண்கள். பாதி காடும் பாதி கட்டடமுமான ஊருக்குச் சராசரி கேட்டால் 30 வரும். ஊர் முழுக்கப் புல்வெளி. வகைவாரியாக எண்ணிச் சொல்லும் வசதி அதே செயற்கூறில் இருக்கிறது, கேட்கத்தான் வேண்டும்.

எண்கள் சரியாகவே வந்தாலும் சராசரி எதை விழுங்குகிறது என்பது வேறு கேள்வி. 2019 ஆகஸ்டில் நீலகிரியின் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 செ.மீ.க்கு மேல் கொட்டியது. மேற்குச் சரிவில் பெய்த அந்த மழையையும் மழைமறைவில் இருக்கும் கிழக்குப் பக்கத்தையும் கலந்து ஒரே மாவட்ட எண்ணாக்கினால், அது எந்த ஊரிலும் பெய்யாத மழை. பெருமத்தையாவது பக்கத்தில் அச்சிட வேண்டும். ஆனால் 27 கி.மீ. கட்டத்தில் பெருமமும் மழுங்கித்தான் இருக்கும்.

எல்லாவற்றுக்கும் மேல், எல்லை எதற்கு என்று யாரும் கேட்பதில்லை. மாவட்ட ஷேப்ஃபைல் எளிதாகக் கிடைக்கிறது, அதனால் மாவட்டம். 2015 டிசம்பர் 1, 2 தேதிகளில் 24 மணி நேரத்தில் நுங்கம்பாக்கத்தில் 29 செ.மீ. பெய்தது, செம்பரம்பாக்கத்தில் 47, தாம்பரத்தில் 49. சைதாப்பேட்டையையும் கோட்டூர்புரத்தையும் மூழ்கடித்த அடையாற்று வெள்ளத்தில் சென்னை மாவட்டத்துக்கு வெளியே பெய்த மழைக்குப் பெரும் பங்கு உண்டு. செம்பரம்பாக்கம் ஏரி இந்தத் தரவில் சென்னைக்கு மேற்கே அடுத்த கட்டத்தில் விழுகிறது. மாவட்ட எல்லையைக் கொடுத்து நடுப்புள்ளி விதியில் ஓட்டினால் அந்த ஏரி கணக்கிலேயே வராது. வெள்ளத்தைப் பற்றிக் கேட்கிறவர் அடையாற்றின் நீர்ப்பிடிப்பு எல்லையைக் கொடுக்க வேண்டும். ஹைட்ரோஷெட்ஸ் தரவுத்தொகுப்பில் நீர்ப்பிடிப்பு எல்லைகள் இலவசமாகக் கிடைக்கின்றன; நிரலில் மாற்ற வேண்டியது கோப்பின் பெயர் ஒன்றுதான்.