இருக்கைக்கு வந்தவர்களும் மேடையை இழந்தவர்களும்

கலைகளுக்குப் புதிய பார்வையாளர்களை உருவாக்குவது பற்றி முனைவர் பட்ட ஆய்வு செய்துவருகிறேன். இந்தத் துறையின் மையச் சொல் 'தடை'. கட்டணம், தூரம், நேரம், 'இது நமக்கான இடமில்லை' என்ற தயக்கம் ஆகியவற்றை நீக்கினால் வராதவர்கள் வருவார்கள் என்பது அதன் நம்பிக்கை. இங்கிலாந்தின் கலை மன்றம் 1998 முதல் 2003 வரை 2 கோடி பவுண்டு செலவில் நடத்திய புதிய பார்வையாளர் திட்டமும் இந்த நம்பிக்கையில் எழுந்ததுதான். பெண்களுக்கு இதனால் பயனுண்டு. மாலை நிகழ்ச்சி யாருடைய சமையல் நேரத்தோடு மோதுகிறது என்று கேட்க இச்சொல் இடம் தருகிறது.

ஆனால் இந்தக் கோட்பாடு இருக்கைகளை மட்டுமே எண்ணுகிறது. புதிதாக வந்தவர்கள் தயக்கமின்றி உட்காருவதற்காக மேடையில் யார் மாற்றப்பட்டார்கள் என்று அது கேட்பதில்லை. சென்னையின் நடன வரலாற்றை இந்தக் கேள்வியோடு படித்துப் பார்க்கலாம்.

1931இல் மியூசிக் அகாடமி, தேவதாசி மரபில் வந்த கல்யாணியின் மகள்கள் ராஜலட்சுமி, ஜீவரத்தினம் இருவரையும் மேடையேற்றியது. பார்க்க வந்தவர்கள் மிகச் சிலர். 1932 இறுதியில் சதிர் குறித்து முத்துலட்சுமி ரெட்டிக்கும் ஈ. கிருஷ்ணய்யருக்கும் நாளேடுகளில் விவாதம் மூண்டது. 1933இல் அதே சகோதரிகள் மீண்டும் ஆடியபோது பெருங்கூட்டம் வந்தது. 1935 இறுதியில் அடையாறு பிரம்மஞான சபையில் ருக்மிணி தேவி ஆடினார். 'குடும்பப் பெண்கள்' இந்த ஆட்டத்தைப் பார்க்கலாம், கற்கலாம், ஆடலாம் என்ற நிலை வெகுவிரைவில் உருவானது.

என் துறையின் அளவுகோலில் இது பெரும் வெற்றி. நான்கு ஆண்டுகளில் ஒரு கலைக்குப் புதிய பார்வையாளர்கள் கிடைத்துவிட்டார்கள். அதுவரை சதிர்க் கச்சேரிப் பக்கம் போக அனுமதிக்கப்படாத உயர்சாதி, நடுத்தர வர்க்கப் பெண்களுக்கு அது உண்மையான விடுதலையும்கூட. ஆனால் அவர்களுடைய தயக்கம் நீங்கியது கட்டணக் குறைப்பினால் அல்ல. ஆட்டத்துக்குப் புதுப் பெயரும் புதுக் கண்ணியமும் வந்தன. அந்தக் கண்ணியத்துக்குள் பழைய ஆட்டக்காரிகளுக்கு இடம் சுருங்கியது. 1947ஆம் ஆண்டுச் சட்டம் பொட்டுக்கட்டுதலைத் தடைசெய்தபோது, அவர்கள் கோயிலில் ஆடுவதையும் சேர்த்தே தடைசெய்தது.

முத்துலட்சுமி ரெட்டியின் போராட்டத்தை இதனால் குறைத்து மதிப்பிட முடியாது. அவருடைய தாயே அந்தச் சமூகத்தில் பிறந்தவர். பெண்குழந்தைகள் மீதான சுரண்டலை அவர் நேரடியாக அறிந்திருந்தார். சுரண்டலை ஒழிப்பது வேறு, ஆடுகிறவளை அவளுடைய கலையிலிருந்து பிரிப்பது வேறு. இவ்விரண்டும் ஒன்றாகக் கலந்துபோனதில் லாபம் சபாக்களுக்குக் கிடைத்தது.

பாலசரஸ்வதியைச் சுட்டிக்காட்டி இதை மறுப்பவர்கள் உண்டு. 1973இல் அகாடமியே அவருக்குச் சங்கீத கலாநிதி விருது அளித்தது உண்மைதான். ஒரு மேதைக்குக் கிடைத்த இடத்தை ஒரு சமூகத்துப் பெண்களுக்கே கிடைத்ததாகக் கணக்கெழுத முடியாது.

இன்று பறையாட்டமும் தெருக்கூத்தும் நகர அரங்குகளுக்கு வருகின்றன. நடத்துகிறவர்கள் புதிய பார்வையாளர்களைப் பற்றி மகிழ்ச்சியோடு பேசுகிறார்கள். ஆய்வு மாணவிகள் அங்கே கேள்வித்தாளோடு போகும்போது, பார்க்க வந்தவர்களின் வயதையும் வருமானத்தையும் மட்டும் கேட்டுத் திரும்ப வேண்டாம். இந்தக் கலையை வளர்த்தவர்கள் யார், இன்று அதை ஆடிச் சம்பளம் வாங்குகிறவர்கள் யார், கற்றுத்தரும் உரிமை யாரிடம் இருக்கிறது என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள்.