முத்துமாரியும் விஞ்ஞான விளக்கமும்

விஞ்ஞான அறிவுக்கும் சமய நம்பிக்கைக்கும் இடையிலான உறவைப் பற்றி ஆராய்வோர் கலிலியோவையும் டார்வினையும் முன்னிறுத்துவதே பெருவழக்கு. அவை மேனாட்டுத் திருச்சபையின் வரலாற்றோடு பிணைந்த விவகாரங்கள். நமது சூழலில் இவ்வுறவின் இயல்பை அறிய விழைவோர்க்கு மாத்தளை முத்துமாரியம்மன் வழிபாடு அவற்றினும் நெருக்கமான சான்றாகும். அவ்வழிபாடு குறித்து நிலவும் இரு விளக்கங்களை மதிப்பிடுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலாவது, பகுத்தறிவாளர் சிலரது விளக்கம். பெரியம்மையின் காரணத்தை அறியாத மக்கள் அச்சத்தினால் ஒரு தெய்வத்தைக் கற்பித்தனர். காரணம் தெரிந்தபின் அத்தெய்வத்துக்கு இடமில்லை என்பது இவர்தம் வாதம். இரண்டாவது, கோயில் மலர்களிலும் சமயச் சொற்பொழிவுகளிலும் பயின்றுவருவது. வேப்பிலை கிருமிநாசினி, மஞ்சள் நோய் தடுக்கும் பொருள், கூழ் உடற்சூட்டைத் தணிக்கும் உணவு; எனவே முன்னோர் விஞ்ஞானத்தையே சடங்காக்கித் தந்தனர் என்பது இதன் சாரம். முன்னது நம்பிக்கையைத் தாக்குகிறது. பின்னது அதனைக் காக்க முயல்கிறது. ஆயினும் இரண்டும் ஒரே எடுகோளின்மீது நிற்பதை நாம் அவதானிக்கலாம். வழிபாடு என்பது நோய் பற்றிய ஒரு கோட்பாடே என்பதுதான் அவ்வெடுகோள்.

இவ்வெடுகோளை வரலாறு ஏற்கவில்லை. எட்வேட் ஜென்னர் 1796இல் அம்மைப்பால் முறையைச் சோதித்துக் காட்டினார். 1802இல் அது இலங்கைக்கும் வந்து சேர்ந்தது. உலகெங்கும் இம்முறை பரவியதன் பயனாகவே பெரியம்மை ஒழிந்தது; 1980 மே மாதத்தில் உலக சுகாதாரப் பேரவை அதன் ஒழிப்பைப் பிரகடனம் செய்தது. இவ்வெற்றியில் வேப்பிலைக்கோ மஞ்சளுக்கோ பங்கில்லை. வாயிலில் வேப்பிலை கட்டிப் பிறர் வரவைத் தடுத்தமை தொற்றை ஓரளவு குறைத்திருக்கலாம். ஆயின், நோயைத் தெய்வத்தின் வருகையாகக் கருதி அம்மை குத்துவதை மறுத்தோரும் இருந்தனர். அம்மறுப்பு உயிர்களைப் பலி கொண்டது. இதனை மறைத்து, நம் முன்னோர் அனைத்தும் அறிந்திருந்தனர் என்பது ஆராய்ச்சி ஆகாது.

அவ்வாறாயின் பகுத்தறிவாளர் வாதம் வென்றதா? அதுவும் இல்லை. பெரியம்மை மறைந்து பல பத்தாண்டுகள் கழிந்த பின்னரும் மாத்தளையில் மாசிமகத் தேர்கள் ஓடுகின்றன. வழிபாடு பிழையான மருத்துவம் மட்டுமே எனின் நோயோடு அதுவும் மறைந்திருத்தல் வேண்டும். மறைபொருளான மருத்துவம் எனினும் நோயற்ற காலத்தில் அதற்குத் தேவையில்லை. ஆகவே தேர் ஓடுகின்றது என்ற ஒரே உண்மை இரு விளக்கங்களையும் ஒருங்கே மறுக்கின்றது.

வழிபாட்டின் பொருளை அதன் மொழியிலேயே தேடுதல் பொருத்தமாகும். அம்மை என்ற சொல் தாயையும் நோயையும் ஒருங்கே குறிப்பது. கொப்புளம் முத்து எனப்பட்டது. நோய் கண்ட வீட்டில், அம்மாள் வந்திருக்கிறாள் என்றனர். அவ்வீடுகளில் படிக்கப்பட்ட நூலுக்குப் பெயர் மாரியம்மன் தாலாட்டு. தாலாட்டு, காரணத்தை விளக்கும் இலக்கிய வகை அன்று, அமைதிப்படுத்தும் வகை. நோயின் தோற்றுவாய் யாது என்பதைவிட, வேதனையுறும் உடலின் முன் நாம் எவ்வாறு நடந்துகொள்ள வேண்டும் என்பதே அதன் கவலை. அருவருப்புக்குரிய கொப்புளத்தை முத்தென்று அழைத்தபோது, நோயாளி ஒதுக்கப்படவேண்டியவர் என்ற நிலையிலிருந்து போற்றப்படவேண்டியவர் என்ற நிலைக்கு உயர்த்தப்பட்டார். அவரைக் கைவிடுதல் தெய்வத்தைக் கைவிடுதலாகும் என்ற கடமையுணர்வும் இதனால் பிறந்தது.

இக்கடமையுணர்வின் பெறுமதியை மாத்தளையின் வரலாற்றில் வைத்தே அறிதல் வேண்டும். கோப்பிப் பயிர்ச்செய்கைக் காலத்தில் தென்னிந்தியத் தொழிலாளர் மன்னார்ப் பகுதியில் கரையிறங்கி, வரண்ட காட்டுவழியே நூறு மைலுக்கும் மேல் நடந்து மாத்தளையை அடைந்தனர். இந்நகர் அவர்களுக்கு மலைநாட்டின் வாயில். வாந்திபேதியும் அம்மையும் வயிற்றுளைவும் வழியெங்கும் அவர்களைக் கொன்றன. நோயுற்றோர் பாதையோரத்தில் கைவிடப்பட்டனர். இறந்தோரின் தொகை பற்றி ஆய்வாளரிடையே விவாதம் உண்டு. கைவிடப்பட்டமை பற்றி விவாதம் இல்லை. மரத்தடியில் தொடங்கிப் பின்னர் நகரத்தார் ஆதரவுடன் வளர்ந்த மாத்தளைக் கோயில் இந்நடைபயணத்தின் முடிவிடத்தில் எழுந்தமை மனங்கொள்ளத்தக்கது. உயிரோடு வந்துசேர்ந்தோர்க்கு அது நன்றி கூறும் இடம். வழியில் வீழ்ந்தோரை நினைக்கும் இடமுமாகும்.

இங்கு ஆண்டுகளை மீண்டும் நோக்குதல் தகும். இத்தொழிலாளரின் பெருவரவு 1830களில் தொடங்கியபோது அம்மைப்பால் முறை இத்தீவில் முப்பதாண்டுப் பழமையுடையதாகிவிட்டது. தோட்டப் பகுதிகளின் மருத்துவத் தேவை பற்றிய சட்டமோ 1872இலேயே வந்தது. அம்மக்களைக் கொன்றது அறியாமை மட்டுமன்று. அறிவு இருந்தும் அது போதிய அளவில் அவர்களைச் சென்றடையாமையே பெருங்காரணம். பகுத்தறிவாளர் விளக்கம் பழியை மடிந்தோரின் மூடநம்பிக்கைமீது சுமத்துகிறது. கோயில் மலரின் விளக்கமோ பழி என ஒன்று இருந்ததையே மறக்கச் செய்கிறது. தோட்டத் துரைமாரும் குடியேற்ற ஆட்சியும் இரண்டிலும் தப்பிக்கொள்கின்றனர்.

இவ்விவகாரம் பழங்கதை அன்று. 2020 டிசம்பரில், காளி அருளியது எனக் கூறப்பட்ட ஒரு பாணி கொரோனாவைத் தீர்க்கும் என நம்பிக் கேகாலை மாவட்டத்தில் ஆயிரக்கணக்கானோர் திரண்டனர். அரசியல்வாதிகள் சிலர் அதனைப் பகிரங்கமாக அருந்தினர். அங்கு நம்பிக்கை ஆறுதலாக நிற்கவில்லை. மருந்தென்ற உரிமையைக் கோரியது. அவ்வுரிமையைக் கோரும் எதுவும் மருந்துக்குரிய சோதனைக்கு உட்பட்டாக வேண்டும். வேப்பிலைக்கு விஞ்ஞானச் சான்றிதழ் தேடும் மனப்பாங்கே இத்தகைய பாணிகளுக்கும் வழி திறந்துவிடுகிறது. மேலும், சான்றிதழ் வழங்கும் அதிகாரத்தை விஞ்ஞானத்துக்கு அளித்தவர், அது மறுக்கும் நாளில் தம் தெய்வத்தையும் இழக்க நேரிடும்.

நோயின் காரணமும் தடுப்பும் விஞ்ஞானத்தின் எல்லை. அங்கு அதன் தீர்ப்பே முடிவானது. துன்புறுவோரைக் கைவிடாதிருக்க மக்கள் கண்ட மொழி வேறோர் எல்லை. அதனை ஆய்வுகூடத்தில் நிறுவவும் இயலாது, மறுக்கவும் இயலாது. தடுப்பூசி ஏற்றிக்கொண்டு தேர்வடம் பிடிக்கும் தொழிலாளியிடம் முரண்பாடு காண்போர் இவ்வேறுபாட்டை உணராதவர். மாத்தளைக் கோயிலைப் பற்றி எழுதப்போகும் மலர்கள் வேப்பிலையின் இரசாயனத்தை விடுத்து, மன்னாரிலிருந்து நடந்துவந்தோரின் வரலாற்றைப் பதிவு செய்யுமாயின், சமயத்துக்கும் ஆராய்ச்சிக்கும் ஒருங்கே பணி செய்தனவாகும்.