நாற்காலியில் யார்?

'டெலிமெடிசின்' என்றதும் ஒரு போட்டோ ஞாபகம் வரும் உங்களுக்கு. டி.வி. திரையில் டாக்டர், எதிரே கூச்சத்துடன் ஒரு பாட்டி, நடுவே சிரித்தபடி மந்திரி. ஆறு மாதம் கழித்து அந்த அறைப் பக்கம் போனால் பூட்டு தொங்கலாம். 'ட்ரெய்னிங் எடுத்த தம்பி டிரான்ஸ்ஃபர்ல போயிட்டாருங்க' என்பார்கள்.

இது புது சமாசாரம் இல்லை. ஆந்திராவின் சித்தூர் மாவட்டத்தில் அரகொண்டா என்ற கிராமம். அங்கே அப்போலோ அமைத்த மையத்தை 2000 மார்ச்சில் துவக்கிவைத்தவர் அமெரிக்க அதிபர் கிளின்டன். பிறகு இஸ்ரோ சாட்டிலைட் மூலம் ஆஸ்பத்திரிகளை இணைத்தது. ஆக, கால் நூற்றாண்டாகக் கருவி இருக்கிறது. பிறகு ஏன் பல இடங்களில் நிலைக்கவில்லை?

நிலைத்த ஒன்றைப் பார்த்தால் விடை கிடைக்கும். மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை 2004 வாக்கில் தேனி வட்டாரத்தில் 'விஷன் சென்டர்'களை ஆரம்பித்தது. சின்ன ஊரில் கடை மாதிரி ஒரு இடம். பயிற்சி பெற்ற உள்ளூர்ப் பெண் உங்கள் கண்ணை முழுசாகப் பரிசோதித்து விவரங்களை அனுப்புவார். தூரத்திலிருக்கும் டாக்டர் வீடியோவில் ரெண்டு வார்த்தை பேசுவார். கண்ணாடி வேண்டுமா, அங்கேயே ஆர்டர். ஆபரேஷன் என்றால்தான் பஸ் ஏற வேண்டும். கூலிக்குப் போகிறவருக்கு ஒரு நாள் சம்பளம் மிச்சம். கட்டணம் சொற்பம், ஆனால் உண்டு. இன்று இப்படி நூறு சென்டருக்கு மேல் நடக்கின்றன.

இதில் கேமராவின் பங்கு கொஞ்சம்தான். அந்தப் பெண்ணுக்கு இதுவே முழுநேர வேலை. மற்ற வேலைகளுக்கு நடுவே தலையில் கட்டிய எக்ஸ்ட்ரா டியூட்டி அல்ல. டாக்டருக்கும் இது அன்றாட வேலையில் சேர்த்தி. வந்தவர் வெறுங்கையோடு திரும்புவதில்லை. இந்த மூன்றில் ஒன்று இல்லாவிட்டாலும் பூட்டுதான்.

2019-ல் வந்த மத்திய அரசின் இ-சஞ்சீவனியில் கோடிக்கணக்கானவர்கள் டாக்டரிடம் பேசியிருக்கிறார்கள். 2020 மார்ச்சில் டெலிமெடிசினுக்கு முறையான விதிகளும் வந்துவிட்டன. சந்தோஷம். ஆனால் பேசியவர்களை எண்ணுவதோடு நின்றால் எப்படி? எழுதிக்கொடுத்த மாத்திரை பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் கிடைத்ததா? மறுமாதம் சர்க்கரை இறங்கியதா? எண்ண வேண்டியது இதைத்தான். டாக்டர் திரையில் வந்து, மாத்திரைக்கு மட்டும் நாற்பது கிலோமீட்டர் போகணும்னா, பாட்டிக்கு என்ன லாபம்?

அடுத்த முறை உங்கள் ஊரில் ரிப்பன் வெட்டினால், போய்க் கை தட்டுங்கள். தட்டிவிட்டு ஒன்று கேளுங்கள்: 'ரெண்டு வருஷம் கழிச்சு இந்த நாற்காலியில யார் உட்காருவாங்க? அவங்க சம்பளம் எந்தக் கணக்கில?'

பதில் வந்தால் பாட்டியைக் கூட்டிக்கொண்டு போகலாம்.