வாழைத் தோட்டத்தில் ஒரு பழைய சூம்

இந்த லென்சைப் பற்றி அடக்கமாகப் பேச எனக்கு வராது. நிக்கோன் சீரீஸ் ஈ 75–150 மி.மீ., எஃப் 3.5. 1980இல் வந்த சாமான். 10,000 ரூபாவுக்குள் பழசாக வாங்கினேன். நீர்வேலி வாழைத் தோட்டங்களுக்குள் இதோடு நுழைந்த நாள் முதல், விலை கூடிய என் புது லென்ஸ் பையை விட்டு வெளியே வரவில்லை.

1979இல் நிக்கோன், புதிதாகப் படம் பிடிக்க வருபவர்களுக்காக ஈஎம் என்ற சின்னக் கமராவை இறக்கியது. அதற்குத் துணையாக வந்த மலிவு வரிசைதான் சீரீஸ் ஈ. 'நிக்கோர்' என்ற பெயரைக்கூட இதற்குக் கொடுக்கவில்லை! ஆனால் சூம் எங்கே நின்றாலும் 3.5 திறப்பு அப்படியே நிற்கும். எடை 520 கிராம்தான். வளையமும் ஒன்றே: சுழற்றினால் ஃபோகஸ், தள்ளி இழுத்தால் சூம். கை பழகிவிட்டால் இரண்டு வளைய லென்சைத் தொடவே மனம் வராது.

என் சோனி கமராவில் பூட்ட ஓர் அடாப்டர் போதும். உள்ளே கண்ணாடி இல்லாத வெறுங்குழாய் அது. நிக்கோன் லென்சுக்குப் பின்னால் 46.5 மி.மீ. தூரம் வேண்டும், சோனியில் இருப்பதோ 18, மிச்ச 28.5ஐக் குழாய் நிரப்புகிறது. ஓட்டோ ஃபோகஸ் கிடையாது. யாருக்கு வேண்டும்? கூர்மை விழுகிற விளிம்பைத் திரையே சிவப்பாகக் காட்டித் தருகிறதே.

காலை வெயிலில் ஒரு கதலி வாழைப் பொத்தி. மடல் ஒன்று பாதி தூக்கியிருக்க, அடியில் பூச்சீப்பு. நுனியில் தேன் துளிர்த்து நிற்கிறது. 150இல், முழுத் திறப்பில் பார்க்கிறேன். தேன்சிட்டு தலைகீழாகத் தொங்கி அலகை உள்ளே விடுகிறது, கழுத்து நீலம் மினுங்குகிறது. பின்னால் இருந்த கிழிந்த இலைகளும் செம்பாட்டு மண்ணும் எங்கே? பச்சையும் சிவப்புமாகக் கரைந்துவிட்டன. ஐயோ, அந்தக் கரைசல்! இதற்குத்தான் மற்றவர்கள் லட்சக்கணக்கில் கொடுக்கிறார்கள்.

தோட்டக்கார ஐயா கிட்ட வந்தார்.

"தம்பி, குலை எப்ப முத்தும் எண்டு உது சொல்லுமோ?"

கமராவைக் கையில் கொடுத்தேன். யாரும் சொல்லிக் கொடுக்காமலே இழுத்துத் தள்ளிப் பார்த்தார்.

"அங்கால் தறையிலை இலை மஞ்சளிக்குது" என்று கமராவைத் திருப்பித் தந்துவிட்டு விறுவிறென்று போய்விட்டார். இதைவிட நல்ல சான்றிதழ் உண்டா?

குறை இல்லாமல் இல்லை. வெயிலுக்கு எதிரே பிடித்தால் படம் பால் ஊற்றினது போல் வெளிறும், கையால் மறைத்துக்கொள்ளலாம். கீழே சாய்த்தால் சூம் தானாக வழுகும். தள்ளி இழுக்கிற பழைய லென்சுகளுக்கு வயதானால் வருகிற பொது வருத்தம் இது; பெருவிரலால் அமத்தினால் சரி. 1 மீட்டருக்குக் கிட்டப் போகவும் முடியாது, அதனால் எறும்புப் படம் கனவிலும் வேண்டாம்.

வாங்குகிறவர்கள் டோர்ச் அடித்து உள்ளே பூஞ்சணம் இருக்கிறதா என்று பாருங்கள், நம் மாரிக்கு அது சீக்கிரம் பிடிக்கும். திறப்புத் தகடுகளில் எண்ணெய்ப் பசையும் இருக்கக் கூடாது. இரண்டும் சுத்தமென்றால் பேரம் பேசி நேரத்தை வீணாக்காதீர்கள். அதே கடையில் இன்னொன்று கிடந்தால் எனக்கு எடுத்து வையுங்கள்.