பத்துக் கைகளும் ஒரு தாழ்ப்பாளும்

மருத்துவர் தினமான ஜூலை 1 அன்று ஓர் அரசு மருத்துவக் கல்லூரியில் பேச அழைத்திருந்தார்கள். 'மருத்துவர்களின் மனநலம் காப்போம்' என்பது நிகழ்ச்சியின் பெயர். தமிழ் வாத்தியாருக்கு அங்கே என்ன வேலை என்று கேட்டேன். "ஏதாவது கவிதை சொல்லுங்க மேடம், பிள்ளைங்க கொஞ்சம் ரிலாக்ஸ் ஆவாங்க" என்றார் ஏற்பாட்டாளர்.

மேடைக்குப் பின்னால் பெரிய பதாகை. வெள்ளைக் கோட்டு அணிந்த பெண்ணுக்குப் பத்துக் கைகள். ஒன்றில் ஸ்டெதஸ்கோப், ஒன்றில் ஊசி, ஒன்றில் குழந்தை, ஒன்றில் கரண்டி, ஒன்றில் புத்தகம், ஒன்றில் கைப்பேசி என்று ஒவ்வொரு கையும் எதையோ ஏந்தியிருந்தது. காலடியில் அசுரன் இருக்கவேண்டிய இடத்தில் முள்முள்ளாக ஒரு கிருமி. கொரோனாக் காலத்தில் அச்சடித்ததாக இருக்கவேண்டும். முகத்தில் மாறாத புன்னகை.

எனக்கு முன்னால் பேசியவர் மூச்சுப் பயிற்சி சொல்லிக்கொடுத்தார். எல்லோரையும் கண்ணை மூடச் சொன்னார். திறக்கச் சொன்னபோது மூன்றாவது வரிசையில் ஒரு பெண் மட்டும் திறக்கவில்லை. தூங்கிப்போயிருந்தாள். பக்கத்தில் இருந்தவள் தோளைத் தொட்டு எழுப்பப் பார்த்து, பிறகு விட்டுவிட்டாள். "பயிற்சி நல்லா வேலை செய்யுது" என்றார் பேச்சாளர். அரங்கம் சிரித்தது. நானும் சிரித்தேன் என்பதை எழுதிவிடுவது நல்லது.

பிரதிகளை வாசிப்பது என் தொழில். அந்தப் பதாகையும் ஒரு பிரதிதான். நின்றபடி ஆயுதம் ஏந்திய தேவியின் உருவத்தை எடுத்து, கையில் இருந்தவற்றை மாற்றியிருக்கிறார்கள். தேவிக்குக் கிடைத்த ஆயுதங்கள் பிற தெய்வங்கள் தந்தவை என்கிறது புராணம். இந்தப் பெண்ணின் கையில் உள்ளவை எல்லாம் பிறர் அவளிடம் ஒப்படைத்த வேலைகள். ஆண் மருத்துவர்களைப் போற்றும் பதாகைகளையும் பார்த்திருக்கிறேன். அவர்களுக்கு எப்போதும் இரண்டு கைகள்தாம். கரண்டி இருப்பதில்லை. அந்தப் புன்னகையும் வேலையில் சேர்த்திதான். 1983இல் ஆர்லி ஹாக்ஷீல்டு விமானப் பணிப்பெண்களை ஆராய்ந்து 'உணர்ச்சி உழைப்பு' என்று பெயரிட்டது இதைத்தான்: சம்பளத்துக்காக முகத்தையும் மனத்தையும் ஒரு பாங்கில் வைத்திருக்கும் உழைப்பு.

அன்று மேடையில் எல்லோரும் 'பேர்ன் அவுட்' என்றார்கள். தமிழில் 'பணிச்சோர்வு' என்று பதாகையின் ஓரத்தில் போட்டிருந்தது. இந்தச் சொல் எனக்கு ஒப்பவில்லை. சோர்வு என்றால் தூங்கி எழுந்தால் போய்விடும். அதோடு, நம் வீடுகளில் சோர்ந்திருக்கும் பெண்ணைச் சோம்பேறி என்று சொல்ல அதிக நேரம் ஆவதில்லை. ஆங்கிலச் சொல்லில் இருக்கும் நெருப்பு தமிழுக்கு வரும்போது அணைந்துவிடுகிறது. என் அம்மாவின் சமையலறையில் இதற்கு நெருக்கமான சொல் ஒன்று இருந்தது: அடிப்பிடித்தல். தண்ணீர் வற்றிய பிறகும் அடுப்பு எரிந்துகொண்டே இருந்தால் சோறு அடிப்பிடிக்கும். அப்போது யாரும் அரிசியைக் கூப்பிட்டு மூச்சுப் பயிற்சி சொல்லித்தருவதில்லை. அடுப்பை ஏன் தணிக்கவில்லை என்றுதான் கேட்பார்கள்.

இந்தக் கருத்தாக்கம் பிறந்த இடமும் கவனிக்கத்தக்கது. 1974இல் ஹெர்பர்ட் ஃபிராய்டன்பெர்கர் என்ற உளவியலாளர் இதைப் பற்றி எழுதியபோது, அவர் கண்முன் இருந்தவர்கள் இலவச மருத்துவமனைகளில் தொண்டு செய்தவர்கள். அதாவது 'சேவை' என்று நாம் கும்பிடும் இடத்திலேயே முதலில் தீய்ந்த வாடை வந்திருக்கிறது. 2019இல் உலக சுகாதார நிறுவனம் தன் பதினோராவது நோய் வகைப்பாட்டில் இதை ஒரு நோயாகச் சேர்க்கவில்லை. பணியிடத்தில் தொடர்ந்து இருக்கும், சரிவரக் கையாளப்படாத அழுத்தத்தால் விளையும் நிலை என்றது. அதன் கூறுகளாக மூன்றைச் சொன்னது: சக்தி வற்றிப்போதல், வேலையிலிருந்து மனம் விலகிப்போதல் அல்லது வெறுத்துப்போதல், செய்யும் வேலையில் திறன் குறைந்துவிட்டதாகத் தோன்றுதல். மூச்சுப் பயிற்சிக்காரர் முதல் கூற்றைப் பற்றி மட்டும் பேசினார். எனக்கு இரண்டாவது கூற்றோடு ஒரு பழைய கணக்கு இருக்கிறது.

2008இல் என் மகள் பிறந்தது ஓர் அரசு மருத்துவமனையில். வலியில் நான் கத்தியபோது, இருபத்தைந்து இருபத்தாறு வயது மதிக்கத்தக்க பெண் மருத்துவர் என் தொடையில் ஓங்கி அடித்தார். "புருஷன்கிட்ட போறப்ப இனிச்சுதுல்ல?" என்றார். பிரசவ அறைகளில் பெண்கள் காலங்காலமாகக் கேட்டுவரும் வாக்கியம் அது. அதை வைத்து நான் எழுதிய கவிதை என் முதல் தொகுப்பில் இருக்கிறது. கருத்தரங்குகளில் வாசித்திருக்கிறேன். மாணவிகள் அழுதிருக்கிறார்கள். கவிதையில் அந்த மருத்துவருக்கு முகம் இல்லை. கையுறை போட்ட ஒரு கை மட்டும் வரும்.

அந்த அரங்கில் தூங்கிய பெண்ணைப் பார்த்த பிறகு வீட்டுக்கு வந்து அந்தக் கவிதையை மறுபடி படித்தேன். அதில் நான் எழுதாமல் விட்டவை ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. நான் மாலையில் அனுமதிக்கப்பட்டபோது இருந்தவர் அவர். மறுநாள் காலையிலும் அவரே இருந்தார். மறுநாள் இரவு எனக்கு வலி முற்றியபோதும் அவர்தான், அதே சுடிதாரில், துப்பட்டாவில் அதே அயோடின் கறையோடு. நடுவில் ஒரு முறை ஜன்னல் ஓரமாக நின்றபடியே ஒரு பன்னைப் பிய்த்துப் பிய்த்துத் தின்றதைப் பார்த்தேன். பாதியில் யாரோ கூப்பிட, மீதியைக் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டு ஓடினார். இதெல்லாம் எழுதும்போது எனக்குத் தெரியும். பன்னை உள்ளே விட்டால் கோபம் குறைந்துவிடும் என்று வெட்டினேன். கவிதை கூர்மையாக வந்தது. ஒரே மருத்துவரை வைத்து ஒரு பிரசவ அறையை இரண்டு இரவு ஓட்டிய நிர்வாகம் என் கவிதையிலிருந்து சுத்தமாகத் தப்பித்துப் போனது.

இதைச் சொல்லும்போது கவனமாக இருக்கவேண்டும். களைப்புதான் காரணம் என்று முடித்தால் அந்த அடியை நியாயப்படுத்துவதாகிவிடும். அவர் அதே களைப்போடு தன் சீஃபிடம் கத்தவில்லை. தனியார் மருத்துவமனையின் ஏசி அறையில் படுத்திருக்கும் பெண்ணின் தொடையில் அந்த அடி விழுந்திருக்காது. தீய்ந்துபோன மனம் எல்லோரிடமிருந்தும் ஒரே மாதிரி விலகுவதில்லை. சாதியிலும் பணத்திலும் கீழே இருப்பவரிடமிருந்துதான் முதலில் விலகுகிறது. அவர் 'பெட் நம்பர்' ஆகிறார், 'கேஸ்' ஆகிறார். அதனால்தான் மருத்துவரின் மனநலத்தை நான் மருத்துவரின் சொந்தப் பிரச்சினையாகப் பார்க்கமாட்டேன். மேசைமேல் கால் விரித்துப் படுத்திருக்கும் பெண்ணுக்கும் அதில் பங்கு இருக்கிறது.

நாம் எழுதிவைத்திருக்கும் பெண் மருத்துவர் வரலாறும் இதற்கு உதவுவதில்லை. ஐடா ஸ்கடரின் கதை தமிழ்நாட்டில் பலருக்கும் தெரியும். திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று ஆண்கள் வந்து கதவைத் தட்டுகிறார்கள். பிரசவ வேதனையில் இருக்கும் மூவரின் மனைவியரையும் ஆண் மருத்துவர் தொடக் கூடாது. விடியும்போது மூவரும் உயிரோடு இல்லை. அந்த இரவால் மனம் மாறிய ஐடா, 1899இல் மருத்துவப் பட்டம் பெற்று வேலூருக்கு வந்தார். 1918இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியைத் தொடங்கினார். பெரிய வாழ்க்கை, சந்தேகமில்லை. ஆனால் இரவில் தட்டும் கதவுக்குப் பெண் விழித்திருக்கவேண்டும் என்ற பாடத்தை மட்டும் அதிலிருந்து எடுத்துக்கொண்டோம். 1907இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து 1912இல் பட்டம் பெற்ற முத்துலட்சுமி ரெட்டியை 'முதல் பெண்' என்று எல்லாப் பாடநூலிலும் எழுதுகிறோம். ஆனந்திபாய் ஜோஷி 1886இல் அமெரிக்காவில் பட்டம் பெற்று, அடுத்த பிப்ரவரியில் இருபத்திரண்டு வயது நிறையும் முன்பே காசநோயில் இறந்தார். அதையும் சாதனைக் கதையாகவே சொல்கிறோம். இந்தப் பெண்கள் எத்தனை மணி நேரம் தூங்கினார்கள் என்று கேட்பதே மரியாதைக் குறைவு என்பதுபோல் நம் வாழ்க்கை வரலாறுகள் எழுதப்பட்டிருக்கின்றன.

2024 ஆகஸ்ட் 9ஆம் தேதி கொல்கத்தா ஆர்.ஜி. கர் மருத்துவக் கல்லூரியில், 36 மணி நேரப் பணியில் இருந்த முதுநிலை மாணவி கருத்தரங்க அறையில் சற்று ஓய்வெடுக்கப் போன இடத்தில் வன்கொலை செய்யப்பட்டார். அதன் பிறகு அந்த மாநில அரசு 'இரவின் துணை' என்று பொருள்படும் ஒரு திட்டத்தை அறிவித்தது. பெண்களுக்கு இரவுப் பணி கொடுப்பதை இயன்றவரை தவிர்க்கவேண்டும் என்று அதில் ஒரு வரி இருந்தது. செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் அதைக் கண்டித்தது. பாதுகாப்புத் தருவது அரசின் கடமை, பெண்ணை இரவிலிருந்து விலக்கக் கூடாது என்றது. பத்துக் கை கொடுப்பதும், இருட்டியதும் வீட்டுக்குப் போகச் சொல்வதும் ஒரே பார்வையின் இரண்டு வெளிப்பாடுகள். தெய்வத்துக்கும் சரி, குலப்பெண்ணுக்கும் சரி, கட்டில் போட்ட ஓய்வறை தேவை என்று யாருக்கும் தோன்றுவதில்லை.

விதிகளையும் வாசித்துப் பார்த்தேன், மொழிக்காரியாக. 1992இல் மத்திய அரசின் உறைவிட மருத்துவர் திட்டம், தொடர் பணி நாளுக்கு 12 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்று எண்களில் பேசியது. தேசிய மருத்துவ ஆணையத்தின் 2023ஆம் ஆண்டு முதுநிலை விதிகளில் எண்கள் காணாமல் போயின. 'நியாயமான பணி நேரம்', 'நியாயமான ஓய்வு' என்று வந்தது. யாருக்கு நியாயம் என்பதை அந்தப் பெயரடை சொல்லாது. எழுவாய் இல்லாமல் தப்பிக்கும் வாக்கியங்களைப் பற்றி வகுப்பில் நடத்தும்போது இனி இதைத்தான் எடுத்துக்காட்டாகத் தரப்போகிறேன். 2024இல் அதே ஆணையத்தின் மனநலப் பணிக்குழு, வாரத்துக்கு 74 மணி நேரத்துக்கு மேல் வேண்டாம் என்று பரிந்துரைத்தது. அதை முன்னேற்றம் என்று நாம் வரவேற்கும் நிலையில் இருக்கிறோம். 48இலிருந்து 74க்கு வர முப்பத்திரண்டு ஆண்டுகள் ஆகியிருக்கின்றன. அந்தக் குழுவின் கணக்கெடுப்பில் பங்கேற்ற முதுநிலை மாணவர்களில் 31 விழுக்காட்டினர், உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் வந்ததாகச் சொன்னார்கள்.

நிகழ்ச்சி முடிந்ததும் தூங்கிய பெண் என்னிடம் வந்தாள். "சாரி மேடம், உங்க கவிதையைக் கேட்கலாம்னுதான் வந்தேன். முடியல." எப்போது தூங்கினாய் என்று கேட்டேன். விரல்விட்டு எண்ணப் பார்த்து, "நேத்தா முந்தாநாளான்னு சரியா தெரியல மேடம்" என்றாள். மகப்பேறு மருத்துவத்தில் இரண்டாமாண்டு. மனசுக்குக் கஷ்டமாக இருந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். ஆலோசனை மையம் இருக்கிறதாம். ஆனால் அங்கே உட்கார்ந்திருப்பவர் அவளுடைய லாக் புக்கில் கையெழுத்துப் போடவேண்டிய ஆசிரியர்களில் ஒருவருக்கு நெருக்கம். போனால் பேர் பதிவேட்டில் ஏறும். "'வீக்'னு முத்திரை குத்திடுவாங்க மேடம். அப்புறம் தீசிஸ் முடிஞ்ச மாதிரிதான்." மனநல உதவிக்கு 104ஐயும் 14416ஐயும் நோயாளிகளுக்கு எழுதிக்கொடுக்கும் கை, தனக்காக அந்த எண்களை அழுத்துவதில்லை. இந்தப் பயம் இங்கே மட்டும் இல்லை. 2020 ஏப்ரலில் நியூயார்க்கின் அவசர சிகிச்சை மருத்துவர் லோர்னா பிரீன் தற்கொலை செய்துகொண்ட பிறகு, அவர் பெயரில் 2022இல் அமெரிக்காவில் ஒரு சட்டமே வந்தது. உதவி கேட்டால் வேலை போய்விடும் என்ற மருத்துவர்களின் அச்சத்தை அங்கே வெளிப்படையாகப் பேசவேண்டியிருந்தது.

தனிப்பட்ட ஆலோசனை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. இன்று மூழ்கிக்கொண்டிருப்பவளிடம் விதி மாறும்வரை பொறு என்று சொல்ல முடியாது. கல்லூரிக்கு வெளியே இருக்கும், மதிப்பெண்ணோடு தொடர்பில்லாத, பெயரை எழுதிக்கொள்ளாத ஒருவர் அவளுக்கு உடனே வேண்டும். மகப்பேறு விடுப்பில் ஒருத்தி போனால் அவளிடத்துக்கு ஆள் வேண்டும். இல்லாவிட்டால் அவள் வேலையைச் சுமக்கும் தோழிகளே அவளைச் சபிக்கிறார்கள். ரவுண்ட்ஸில் நோயாளி முன்னால் திட்டும் சீஃபுக்கு யாராவது ஒரு பயிற்சி நடத்தவேண்டும். மூச்சுப் பயிற்சி அவருக்குத்தான் அவசரம்.

"உடனே ஒண்ணே ஒண்ணு செய்யலாம்னா என்னம்மா கேட்பீங்க?" என்றேன். தூக்கம், சம்பளம், விடுப்பு என்று எதையோ எதிர்பார்த்தேன். "டூட்டி ரூமுக்குத் தாழ்ப்பாள் மேடம்" என்றாள். உடைந்து பல மாதம் ஆகிறது. கடிதம் கொடுத்திருக்கிறார்கள். இப்போதைக்குக் கதவுக்கு முட்டுக்கொடுத்து ஒரு நாற்காலி. அந்த நாற்காலி நகரும் சத்தம் கேட்குமா என்று காதை வைத்துக்கொண்டே தூங்குவதால் தூக்கம் தூக்கமாக இருப்பதில்லை. பேசிக்கொண்டிருக்கும்போதே அவளுக்கு வார்டிலிருந்து அழைப்பு வந்தது. பதாகையை அடுத்த ஆண்டுக்கும் ஆகும் என்று இரண்டு ஊழியர்கள் பத்திரமாகச் சுருட்டிக்கொண்டிருந்தார்கள்.

என் முதல் தொகுப்பின் இரண்டாம் பதிப்பு வரப்போகிறது. பன்னைக் கவிதைக்குள் கொண்டுவர நான்கைந்து முறை முயன்றேன். ஒவ்வொரு முறையும் என் தொடையில் விழுந்த அடிக்கு நானே மன்னிப்புக் கேட்பதுபோல் ஆகிவிடுகிறது. அதற்கு நான் தயாராக இல்லை. கடைசியில் கவிதையை அப்படியே விட்டுவிட்டு, தலைப்புக்குக் கீழே ஒரு வரி மட்டும் சேர்த்துப் பதிப்பகத்துக்கு அனுப்பினேன்: 'அன்றிரவு பணியில் ஒரு மருத்துவர், வலியில் பதினொரு பெண்கள்.' பதிப்பாசிரியர் அந்த வரி கவிதையாக இல்லை என்கிறார். இருக்கட்டும் என்று சொல்லியிருக்கிறேன்.