பொய்யின் கடனை யாரிடம் தீர்ப்பது?
காலித் ஹுஸைனியின் 'தி கைட் ரன்னர்' நாவலை முன்வைத்து

பொய் சொன்னவன் திருந்துவதைப் பற்றிய கதைகள் நம்மிடம் ஏராளம். அவற்றுள் பெரும்பாலானவை ஓரிடத்தில் வந்து நின்றுவிடுகின்றன. தவறு செய்தவன் அழுகிறான், தொழுகைப் பாயில் விழுகிறான், கதை முடிகிறது. அவனது பொய்யால் பழி சுமந்தவனுக்கு என்ன நேர்ந்தது என்று கதாசிரியர் திரும்பிப் பார்ப்பதில்லை. அல்லாஹ்வுக்கும் அடியானுக்கும் இடையிலான பாவத்துக்குத் தௌபா உண்டு. மனிதனுக்கு மனிதன் செய்த அநியாயத்திலோ உரியவரின் ஹக்கையும் திருப்பிக் கொடுத்தாக வேண்டும். மத்ரஸாப் பிள்ளைக்கும் தெரிந்த இந்தச் சட்டத்தை நமது கதைகள் வசதியாக மறந்துவிடுகின்றன என்பது எனது அபிப்பிராயம்.

இந்தக் கோணத்தில் வாசிக்கத்தக்க நாவல், காபூலில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய வைத்தியரான காலித் ஹுஸைனி 2003 இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட 'தி கைட் ரன்னர்'. 1975 குளிர்காலத்தில் காபூலில் பட்டப் போட்டி நடந்த அன்று, வேலைக்காரர் அலியின் மகன் ஹஸனுக்கு ஒரு சந்தில் பெருங்கொடுமை நேர்கிறது. எசமானின் மகன் அமீர் அதை ஒளிந்து நின்று பார்க்கிறான். தடுக்கவுமில்லை, யாரிடமும் சொல்லவுமில்லை. அதன்பின் ஹஸனின் முகத்தைப் பார்ப்பதே அவனுக்கு வேதனையாகிறது. ஹஸனை வீட்டைவிட்டு அகற்றுவதற்காகத் தனது பிறந்தநாள் கைக்கடிகாரத்தையும் கொஞ்சம் காசையும் அவனது மெத்தையின் கீழ் வைத்துத் திருட்டுப் பழி சுமத்துகிறான். விசாரிக்கப்பட்ட ஹஸன் தானே எடுத்ததாக ஒப்புக்கொள்கிறான். பொய் பேசத் தெரியாத அந்தப் பிள்ளை சொன்ன பொய், அமீரைக் காப்பாற்றுவதற்கானது. அலியும் ஹஸனும் அந்த வீட்டைவிட்டே போய்விடுகிறார்கள்.

பொய் ஒரு பழக்கமாக வளரும் விதத்தை ஹுஸைனி நன்கு அறிந்திருக்கிறார். முதலில் வெறும் மௌனம், அதை மறைக்க ஒரு சூழ்ச்சி, பின்னர் அதையும் மறைக்க மீண்டும் மௌனம். அமெரிக்காவில் திருமணத்துக்கு முன் ஸொராயா தனது கடந்த காலத்தை மறைக்காமல் அமீரிடம் சொல்கிறாள். அவளது துணிச்சலைக் கண்டு பொறாமைப்படும் அமீர் தன் கதையைச் சொல்லாமல் விழுங்கிக்கொள்கிறான்.

அமீரின் தந்தை பாபா இன்னும் நுட்பமான பாத்திரம். திருட்டே பாவங்களின் வேர், பொய் என்பது ஒருவனுக்கு உண்மையின் மீதுள்ள உரிமையைத் திருடுவது என்று மகனுக்குப் போதித்தவர் அவர். ஆனால் ஹஸன் தன் சொந்த மகன் என்பதைச் சாகும்வரை மறைத்தவரும் அவரே. சொந்தப் பணத்தில் அநாதை இல்லம் கட்டுகிறார், கேட்டவர்களுக்கெல்லாம் அள்ளிக் கொடுக்கிறார். ஹஸனுக்குரிய ஒரே ஒரு வார்த்தையை மட்டும் கொடுக்கவில்லை. தருமம் பொய்யை மூடுகின்ற போர்வையாகவும் ஆகலாம் என்பதை இவ்வளவு அமைதியாகச் சொன்ன நாவல்களை நான் அதிகம் வாசித்ததில்லை.

2001 இல் அமீர் பெஷாவருக்கு அழைக்கப்படும்போது ஹஸன் உயிருடன் இல்லை. தலிபான்களால் கொல்லப்பட்டுவிட்டான். அவனுடைய மகன் ஸொஹ்ராபை மீட்க அமீர் காபூலுக்குப் போகிறான், பழைய எதிரி ஆஸிபிடம் எலும்புகள் நொறுங்க அடிவாங்குகிறான். பலர் இந்த அடியையே அவனது பரிகாரமாகக் கருதுகின்றனர். எனக்கோ இதுதான் நாவலின் பலவீனமான பகுதி. அதே கொடியவன் அதே நகரில் மீண்டும் எதிர்ப்படுவது சினிமாத்தனமானது. மேலும், அடி வாங்குவதால் அமீரின் மனம் ஆறுகிறதே தவிர ஹஸன் மீது விழுந்த பழியில் ஓர் எழுத்தும் அழிவதில்லை.

உண்மையான பரிகாரம் சிறிய இடங்களில் நடக்கிறது. இஸ்லாமாபாதிலிருந்து தொலைபேசியில் அமீர் மனைவியிடம் அனைத்தையும் சொல்கிறான். இனியாவது வாக்குத் தவறமாட்டான் என்று நாம் நினைக்கையில், அநாதை இல்லத்துக்கு அனுப்பமாட்டேன் என்று ஸொஹ்ராபுக்குக் கொடுத்த வாக்கு தளர்கிறது. சிறுவன் தன் மணிக்கட்டை அறுத்துக்கொள்கிறான். பிழைத்தாலும் நீண்ட காலம் வாய் திறப்பதில்லை. ஒரு தடவை அழுததால் பழக்கம் போய்விடாது என்பதை வாசகன் இங்கு வலியோடு உணர்கிறான். இறுதியாக, அமெரிக்காவில் உணவு மேசையில், இந்த ஹஸாராப் பையனைப் பற்றி ஊருக்கு என்ன சொல்வது என்று மாமனார் கேட்கிறார். அவன் என் தந்தையின் பேரன், எனக்கு மருமகன், அவனுக்கொரு பெயர் இருக்கிறது என்று அமீர் வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறான். தந்தையின் மானம் போகும் என்று தெரிந்தே சொல்கிறான். அந்தக் குடும்பம் நீண்ட காலமாகக் கட்டிக்காத்த பொய் அங்கேதான் உடைகிறது.

ஆங்கில எழுத்தாளர் இயன் மெக்கீவனின் 'அட்டோன்மென்ட்' (2001) இதனோடு ஒப்பிடத்தக்கது. 1935 இல் பதின்மூன்று வயதுப் பிரையனி சொன்ன பொய்ச் சாட்சியால் ரொபி சிறைக்குப் போகிறான். தன் பொய்யை எழுத்தில் வாபஸ் வாங்குவதாகப் பிரையனி அவனுக்கும் தன் தமக்கைக்கும் வாக்களிக்கும் காட்சி நாவலில் வருகிறது. கடைசிப் பகுதியில், முதியவளான அவள் 1999 இல் சொல்லும்போதுதான் தெரிகிறது, அச்சந்திப்பு நடக்கவே இல்லை, இருவரும் 1940 இலேயே இறந்துவிட்டனர். பரிகாரமாக எழுதிய நூலிலும் ஒரு கற்பனைச் சமாதானம்! மெக்கீவன் கலைஞர் என்ற வகையில் ஹுஸைனியைவிடத் தேர்ந்தவர். ஆனால் உயிரோடிருப்பவர்களின் முன்னால் வாய் திறந்து சொல்லும் தைரியத்தை ஹுஸைனியின் உணவு மேசையிலேயே நான் காண்கிறேன்.

வீட்டு வேலைக்கு வந்த பிள்ளைமீது திருட்டுப் பழி போடுவது நமக்கும் புதிய கதையல்ல. தொலைந்த மோதிரம் பிறகு அலுமாரிக்குள்ளேயே கிடைக்கலாம். அந்தப் பிள்ளையின் ஊருக்குப் போய், அதன் உம்மாவுக்கும் அயலாருக்கும் முன்னால், அது எடுக்கவில்லை என்று சொல்லிவிட்டு வருகிறவர்கள் எத்தனை பேர்? நமது சிறுகதையாளர்கள் எசமானியின் கண்ணீரோடு நின்றுவிடாமல், அந்த ஊருக்கு பஸ் ஏறும் அவளைப் பின்தொடர்ந்து எழுத வேண்டும்.